அஞ்சடி பத்து

ஆடி 2, வெள்ளி

இந்த டைரி ஓசி. எங்கள் மையம் வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதில் மிச்சம் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் அன்றைக்கு முகூர்த்தம் உண்டா இல்லையா என்று அச்சடித்திருக்கும். ஆடி மாசம் முழுக்க 'இன்று முகூர்த்தம் இல்லை' என்று முப்பத்தோரு தடவை போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை சொன்னால் எங்களுக்குப் புரியாதா?

வத்சலா மேடம் கூப்பிட்டுக் கையில் திணித்தார். "அரசி, ஆடியில யாரும் வரன் பாக்க வர மாட்டாங்க. இந்த ஒரு மாசத்துல பழைய கம்ப்யூட்டர்ல இருக்குறதையெல்லாம் புதுசுக்கு மாத்திடு. தினம் என்ன வேலை நடந்துச்சுன்னு இதுல எழுதி வை." மேடம் இதைப் படிக்கப் போவதில்லை. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று கண்ணாடியே போடுவதில்லை. அதனால் என் இஷ்டத்துக்கு எழுதலாம்.

உறையூர் இணைமாலை திருமணத் தகவல் மையம். மேடம் முதலாளி, நான் கம்ப்யூட்டர். முழுப் பெயர் மங்கையர்க்கரசி. மொத்தம் 640 வரன்கள். எங்கள் ஃபாரத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது என்று பார்த்தால், கம்ப்யூட்டருக்குள்ளும் சாதி இருக்கிறது. எண் ஒரு சாதி, எழுத்து ஒரு சாதி, தேதி ஒரு சாதி, உண்டு-இல்லை என்பது தனிச் சாதி. ஒன்றை இன்னொன்றோடு ஒரே வரியில் உட்கார வைத்தால் தகராறு. காகிதத்தில் அச்சடிக்க வேண்டுமானால் எல்லாரையும் எழுத்துச் சாதிக்கு மாற்றியாக வேண்டும். இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டால் அது எழுத்து, போடாவிட்டால் எண். சூட்சுமம் அவ்வளவுதான். இந்த மாசத்து வேலையும் அதுதான்.

ஆடி 4, ஞாயிறு

அம்மா இன்று நாள் குறித்துவிட்டாள். கல்யாணத்துக்கு இல்லை, எனக்குக் கெடு.

ஆவணி எட்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மையம் மண்டபம் பிடித்துச் சுயம்வரம் நடத்துகிறது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எல்லாம் வந்து உட்காருவார்கள். நான் அச்சடித்துக் கொடுக்கும் வரன் புத்தகத்தைப் புரட்டிப் பிடித்தவர்களிடம் போய்ப் பேசுவார்கள். "அன்னைக்கு நீயா ஒருத்தரைச் சொல்லு. இல்லன்னா துறையூருக்கு நான் சரின்னு சொல்லிடுவேன். முப்பத்தொண்ணு ஆச்சுடி உனக்கு," என்றாள்.

துறையூர் என்றால் சுகந்தராஜ். போன மாசம் மேடமே கூட்டி வந்து காட்டின வரன். ஃபாரத்தில் உயரம் 5.8. வாசலில் ஷூவைக் கழற்றியதும் அதில் இரண்டு வாசலிலேயே தங்கிவிட்டது. நான் அஞ்சடி ஏழு. காபியை முழுசாகக் குடித்துவிட்டுச் சொன்னார், "கல்யாண போட்டோவுல நீங்க உக்காந்துக்கலாம், நான் பின்னாடி நின்னுக்கறேன். பிரச்சினை இல்ல." அவருக்குப் பிரச்சினை இல்லை. ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கப் போவது நான்.

அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். அப்பா இருந்தவரை பயத்தை ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இப்போது முழுசும் இவள் தலையில். என்னைவிட உயரமான வரன் யார் யார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் ஒன்பது பேர் வருகிறார்கள். அந்த ஒன்பதையும் அம்மா மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

"ஃபாரத்துல நம்ம வீட்டு போன் நம்பர் சரியாத்தானே இருக்கு? மூணு வருஷமா ஒரு போன்கூட வரலையே," என்று கேட்டாள். நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஆடி 5, திங்கள்

காலையில் மேடம் ஒருவரைக் கூட்டி வந்தார். "இவர் நெடுஞ்செழியன். சென்னையில பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில சோதனைப் பிரிவு. இப்ப வீட்டுல இருந்தே வேலை பாக்குறாராம். நீ செய்யுறதுல என்னென்ன தப்புன்னு இவர் தினம் வந்து சொல்லுவார்." அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டங் என்று ஒரு சத்தம். மனுஷர் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதா சார்?"

"பழக்கம்தாங்க. நிலைக்கும் எனக்கும் ரொம்ப வருஷப் பழக்கம்."

எங்கள் ஆபீஸ் பழைய கட்டடம். கொண்டை போட்ட நாளில் நானே குனிந்துதான் வருவேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேலை விவரத்துக்கு வருகிறேன்.

தப்பு கண்டுபிடித்தால் ஒரு பட்டியலில் நம்பர் போட்டு எழுதுவார். பக்கத்தில் பதிலுக்கு ஒரு கட்டம். சரிசெய்ததும் நான் அதில் 'சரி செய்தாச்சு' என்று எழுத வேண்டும். 'இது பிழை இல்லை' என்றும் எழுதலாமாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டுமாம். சம்பளம் வேண்டாம் என்றுவிட்டாராம். ஒரு வருஷச் சந்தாவைப் புதுப்பித்துக் கொடுத்தால் போதும் என்றாராம். எந்தப் பத்திரிகைக்கு என்று மேடம் சொல்லவில்லை.

நெடுஞ்செழியன் என்று தினமும் எழுதினால் கை வலிக்கும். இனிமேல் சோதனைக்காரர்.

ஆடி 7, புதன்

பதிவில் இருப்பது போன வருஷத்து வயசு என்பதால் எல்லார் வயசிலும் ஒன்று கூட்டினேன். எழுத்தாக மாற்றிய பிறகு கூட்டினால் கம்ப்யூட்டர் கூட்டாது, பக்கத்தில் ஒட்டும் என்பதை மறந்துவிட்டேன். 28 வயசுப் பெண் 281 ஆனாள். நான் 301. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆடி 9, வெள்ளி

ஜாதகக் கட்டங்களை எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு கட்டத்துக்குள்ளும் கிரகத்தைக் காணோம். எல்லாவற்றிலும் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று விழுந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சோம்பல் வந்தால் 'உள்ளே ஏதோ சாமான் இருக்கிறது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும்.

நான் அதைத் திருத்துவதற்குள் மேடம் ஒரு தாளை எடுத்துப் போய் ஜோசியரிடம் காட்டிவிட்டார். எங்கள் ஆஸ்தான ஜோசியர் பஞ்சாபகேசன் அரைமணி நேரம் பார்த்தாராம். "ஆப்ஜெக்ட்னா ஆட்சேபணை. பன்னெண்டு கட்டத்துலயும் ஆட்சேபணை. இப்படி ஒரு ஜாதகத்தை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. பரிகாரம் ரொம்பப் பெருசா பண்ணணும்," என்று கையை விரித்துவிட்டாராம்.

சோதனைக்காரர் இதைப் பட்டியலில் பிழை நம்பர் ஆறாக எழுதினார். கீழே பென்சிலில், 'பரிகாரம்: பிரித்து எழுதவும்' என்று ஒரு வரி. சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல்தான் சிரித்தேன்.

வெக்காளியம்மன் கோயில் கூழ் வாங்கி வந்திருந்தார். எனக்கும் ஒரு டம்ளர்.

ஆடி 12, திங்கள்

எதையும் நிரப்பாமல் விட்ட கட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெயர் நல். ஒன்றுமில்லை என்று அர்த்தம். நான் எழுதின மாற்றுகிற நிரல் இங்கிலீஷ் எழுத்து எதைக் கண்டாலும் தமிழில் உச்சரித்து எழுதிவிடும். அதனால் ஒரு பையனுக்கு இப்படி வந்தது: 'வேலை: நல். வருமானம்: நல். கெட்ட பழக்கங்கள்: நல்.'

மேடம் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "தங்கமான பையன். எல்லாமே நல்லா இருக்குன்னு சுருக்கமாப் போட்டிருக்கான் பாரு," என்றார்.

"கெட்ட பழக்கமும் நல்லா இருக்காம் மேடம்," என்றார் சோதனைக்காரர். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இந்த ஆள் சிரிக்காமல் சிரிக்க வைக்கிற ரகம். ஆபத்து.

ஆடி 15, வியாழன்

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். உண்டு-இல்லை கட்டத்துக்குள் கம்ப்யூட்டர் ட்ரூ, ஃபால்ஸ் என்றுதான் வைத்திருக்கும். அவசரத்தில் அதை 'உண்மை', 'பொய்' என்று மாற்றி எழுதிவிட்டேன். மேடம் ஆர்வக் கோளாறில் இருபது வீட்டுக்கு வாட்ஸப்பில் மாதிரி அனுப்பிவிட்டார்.

'செவ்வாய் தோஷம்: பொய்' என்று பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். 'சொந்த வீடு: பொய்' என்று பார்த்தவர் நேரில் வந்தார். வாடகை வீடுதான், ஆனாலும் பொய் என்று எழுதலாமா என்று மேஜையைத் தட்டினார். இன்னொரு வீட்டில் 'பட்டதாரி: உண்மை' என்று வந்ததற்குக் கோபம். "ஏன், அதுல உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்கிறார்கள். சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு.

அம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ரசத்துக்கு உப்பு போட்டாயா என்று கேட்டால் "பொய்" என்கிறாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. அம்மாவோடு ஸ்ரீரங்கத்துப் படித்துறை, அம்மா மண்டபம் போனேன். காவிரியில் தண்ணீர் நிறைய, படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அத்தனை கூட்டத்துக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது. தெரிந்த தலை.

"யாருடி அது, கொடிக்கம்பம் மாதிரி?" என்று அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"தெரியல," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. அம்மா தாலிக் கயிறு மாற்றுகிற பெண்களைப் பார்த்துக்கொண்டே எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தாள். கொடிக்கம்பம் என் பக்கம் திரும்பி ஒரு தடவை கையை ஆட்டியது. நான் ஆற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

ஆடி 20, செவ்வாய்

சோதனைக்காரர் மாப்பிள்ளைகளை உயர வரிசையில் போடச் சொன்னார். போட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க, திருச்சி ஜில்லாவுல அஞ்சடி பத்துல ஒரு ஆம்பளைகூட இல்லையா?"

பார்த்தேன். 5.8 இருக்கிறது, 5.9 இருக்கிறது, அப்புறம் நேராக ஆறு. 5.10 ஒருத்தரும் இல்லை. கீழே 5.1-இல் மட்டும் மூட்டை மூட்டையாக ஆட்கள். மொத்தம் நாற்பத்தொன்று.

நம் ஊரில் அஞ்சடி பத்தங்குலத்தை யாரும் அடி, அங்குலம் என்று எழுதுவதில்லை, நடுவில் புள்ளி வைத்து 5.10 என்று எழுதுவோம். அதைக் குறி போடாமல் எண்ணாகக் கொடுத்தால், கடைசியில் இருக்கும் சைபருக்கு மதிப்பில்லை என்று கம்ப்யூட்டர் தின்றுவிடும். மிச்சம் 5.1. அஞ்சடி பத்து ஆள் ஒரே விழுங்கில் அஞ்சடி ஒண்ணு. 5.11-க்கு வேற கதை. புள்ளிக் கணக்கில் 5.11 என்பது 5.7-ஐவிடச் சின்னது. அதனால் என் அம்மாவின் பட்டியலில் அவர்களும் வரமாட்டார்கள்.

அந்தப் பழைய நிரலை எழுதினது யார்? நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால்.

"நாலு வருஷமா பாவம், எவனெவன் வீட்டுல போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானோ," என்றார் சோதனைக்காரர். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். போகும்போதும் இடித்துக்கொண்டார், வரும்போதும்.

ஆடி 23, வெள்ளி

கம்ப்யூட்டருக்குள் பார்த்தால் யார் பிறவிக் குட்டை, யார் நான் வெட்டின குட்டை என்று தெரியாது. ரெண்டும் 5.1. தின்ற சைபரை அதனால் கக்க முடியாது. பேனாவில் நிரப்பின பழைய ஃபாரங்கள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. நாற்பத்தொன்றையும் தேடி எடுக்க வேண்டும்.

பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுவில் ரெண்டு டம்ளர் கூழ். தூசியில் அவர் தும்மினால் ஃபாரம் பறக்கிறது. ஃபாரத்தின் கடைசியில் 'எதிர்பார்ப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, அதைச் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று மேடம் சட்டம். நாங்கள் சத்தமாகப் படித்தோம். ஒருத்தருக்கு 'பிரியாணி செய்யத் தெரிந்த சைவப் பெண்' வேண்டுமாம்.

"உங்க எதிர்பார்ப்பு என்னங்க?" என்றார், ஃபாரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"இந்த வேலை முடியணும்," என்றேன். நல்ல பதில்தான். வீட்டுக்கு வந்த பிறகு இதைவிட நல்ல பதில் ஆறு தோன்றியது.

ஆடி 26, திங்கள்

அவர் வராத நாள். மேடமும் இல்லை. நாற்பதாவது ஃபாரம் வரை எடுத்தாயிற்று. நாற்பத்தொன்றாவது பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பதிவு எண் 288. பெயர்: நெடுஞ்செழியன். உயரம்: 5.10. நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. போட்டோவில் மீசை கொஞ்சம் பெரிசு. எதிர்பார்ப்பு: 'பெண் வீட்டு வாசல் நிலை உயரமாக இருந்தால் நல்லது.'

எந்தப் பத்திரிகைச் சந்தா என்று இப்போது விளங்கிவிட்டது. எங்கள் மையத்துச் சந்தாதான். ஆக, ஐயா வேலைக்கு வரவில்லை. தன் உயரத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். கண்டுபிடித்த அன்றைக்குக்கூட என்னிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. ஃபாரத்தை டைரிக்குள் வைத்துக்கொண்டேன். தூசி படக்கூடாது என்பதற்காக.

ஆடி 27, செவ்வாய்

கொண்டை போட்டுக்கொண்டு போனேன். வெயில் காரணம்.

ஆடி 30, வெள்ளி

எல்லார் உயரத்தையும் அங்குலமாக மாற்றிக் கணக்குப் பார்க்கவும், காகிதத்துக்கு மட்டும் அடி, அங்குலம் என்று எழுத்தில் வரவும் செய்தாயிற்று. நாற்பத்தொன்றில் பதினெட்டு பேர் நிஜமாகவே அஞ்சடி ஒண்ணு. மிச்சம் இருபத்து மூன்று பேர் அஞ்சடி பத்து. இருபத்திரண்டு பேரைத் திருத்திவிட்டேன்.

288 மட்டும் பாக்கி. ஃபாரத்தில் கையெழுத்து தெளிவாக இல்லை. அவசரம் ஒன்றும் இல்லை. இப்போதே திருத்தினால் மேடம் நாலு பெண் வீட்டுக்கு வாட்ஸப் அனுப்பிவிடுவார், அவர் ஆர்வக் கோளாறுதான் தெரிந்ததாயிற்றே. பொறுப்பாகச் சரிபார்த்துத்தான் திருத்த வேண்டும்.

ஆவணி 3, செவ்வாய்

சோதனைக்காரர் கடைசிப் பட்டியலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாளை மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். பட்டியலில் ரெண்டே பிழைதான்.

'37. பதிவு எண் 288. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் உயரம் திரும்பி வந்துவிட்டது. இவருக்கு மட்டும் இன்னும் 5.1. ஏன்?'

'38. பதிவு எண் 412. தொலைபேசி எண்ணில் முதல் சைபர் இல்லை. பட்டியலில் உள்ள மற்ற எல்லா வீட்டு எண்ணுக்கும் மேற்கோள் குறி இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. எண்ணாகப் போனதால் சைபர் விழுந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு இந்த எண்ணை ஒருவர் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். எண்ணைச் சரிபார்க்கவும் என்றது. இது பிழையா, விருப்பமா?'

412 நான்.

சரி, எழுதிவிடுகிறேன், மேடம்தான் படிக்கப் போவதில்லையே. குறியை எடுத்தது நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கரூரிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். பையனையும் என்னையும் செருப்பில்லாமல் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வைத்து, பையனின் அம்மா தலைக்கு மேலே ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். "பொண்ணு கேட்டா தென்னை மரம் காட்டுறாங்க," என்று அவர்கள் வீட்டில் யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தாள். மறுநாள் ஆபீஸ் போனேன், என் போன் நம்பரின் ரெண்டு பக்கத்துக் குறியையும் எடுத்தேன். திருச்சி கோடு 0431-இல் முன்னால் இருந்த சைபர் உதிர்ந்தது. செல்போனில் அடித்தால் போகாது. செல் நம்பரை அன்னியருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அம்மா சட்டம். அதனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு ஸ்கேல் வரவில்லை.

அந்த நாலு தடவை கூப்பிட்டவர் ஸ்கேல் கொண்டுவருகிறவர் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆவணி 4, புதன்

காலையில் காபி எடுக்கப் போனபோது பார்த்தேன். அம்மா போனைத் துடைத்து, ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, திரும்ப வைத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"வேலை செய்யுதான்னு பாத்தேன். தினமும் பாப்பேன். சொந்தக்காரங்கல்லாம் செல்லுக்கே கூப்பிடறாங்க. ரெண்டு பேரு இருக்குற வீட்டுல மூணு வருஷமா மணியே அடிக்கலன்னா கெட்டுப்போயிருக்குமோன்னுதான் தோணும். ஆனா கொர்ருனு சத்தம் வருது. நல்லாத்தான் இருக்கு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆயிரம் நாளாக இவள் தினம் காதில் வைத்துக் கேட்டிருக்கிறாள். அவளைக் காக்க வைத்தது நான். ஸ்கேல் பிடித்தவள் வேறு ஒருத்தி, தண்டனை என் அம்மாவுக்கு.

"துறையூர்ல இருந்து மேடம் மூலமா கேட்டு அனுப்பிச்சாங்க. ஞாயித்துக்கிழமை மண்டபத்துல பதில் சொல்றேன்னுட்டேன்," என்றாள் அம்மா. "அவன் ஒண்ணும் மோசமில்லடி. போட்டோதானே? உக்காந்துட்டுப் போயேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆவணி 5, வியாழன்

அச்சுக்குப் போகிற நாள். சோதனைக்காரர் எதிர் மேஜையில் உட்கார்ந்து எதையோ மும்முரமாகச் சோதித்துக்கொண்டிருந்தார். சோதிக்க இனி ஒன்றும் பாக்கி இல்லை என்பது எனக்கும் தெரியும்.

முதலில் 288. சைபரைச் சேர்த்தேன். அஞ்சடி பத்து அங்குலம். நாலு வருஷம் கழித்து மனுஷர் எழுந்து நின்றார்.

அடுத்து 412. ரெண்டு குறி போடுவதற்கு ஒரு நொடி போதும். நான் மேடத்துக்கு டீ வாங்கி வந்து கொடுத்தேன், கீபோர்டைத் துடைத்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் ஆபீஸில் இருப்பது பிளாஸ்டிக் செடி. அப்புறம் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டேன். சைபரைத் தட்டினேன். உட்கார்ந்தது.

பட்டியலை எடுத்துப் பதில் கட்டத்தில் பேனாவால் எழுதினேன்.

'37. சரி செய்தாச்சு. தாமதத்துக்குக் காரணம் கையெழுத்து இல்லை.'

'38. பிழை இல்லை, அப்போது விருப்பம்தான். இப்போது சரி செய்தாச்சு. சோதித்துப் பார்க்கவும்.'

அவர் மேஜையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக வெளியே வந்தேன். டங். இந்தத் தடவை நான். கொண்டை போட்டிருந்ததை மறந்துவிட்டேன்.

ஆவணி 6, வெள்ளி

காலை ஏழு பத்துக்கு வீட்டில் ஒரு சத்தம். எனக்கு முதலில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, காது அந்த மணியை மறந்தே போய்விட்டது. அம்மா கையிலிருந்த கரண்டியோடு ஓடினாள்.

நான் அறைக்குள்ளேயே நின்றேன். அம்மா குரல் மட்டும் கேட்டது. "ஆமா... ஆமாங்க, அவ அம்மாதான் பேசறேன்... என்னது, சோதனையா? இருக்குற சோதனை போதாதா தம்பி?... ஓ... சரி... உயரம் எவ்வளவு?... எவ்வளவு?"

அப்புறம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். கண்ணெல்லாம் பெரிசாகியிருந்தது.

"நெடுஞ்செழியன்னு ஒருத்தர்டி. உன்கூட ஒரு மாசமா வேலை பாக்குறாராமே. அஞ்சடி பத்தாம். ஆத்தங்கரையில பாத்தோமே, கொடிக்கம்பம், அவரா?"

"ஆமா."

"தெரியலன்னியேடி."

"பொய்," என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அஞ்சடி பத்துல ஒருத்தரும் நம்ம பட்டியல்லயே கிடையாதே. இத்தனை வருஷமா எங்கடி இருந்தாரு இவரு?"

"அஞ்சடி ஒண்ணுல இருந்தாரும்மா. நான்தான் அங்க வச்சிருந்தேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "போன் வராததுக்கும் நான்தான் காரணம். நம்பர்ல ஒரு சைபரை எடுத்துட்டேன். மன்னிச்சுடும்மா."

அம்மா கால் கட்டைவிரலில் எம்பி நின்று, ரிசீவராலேயே என் தலையில் ஒரு போடு போட்டாள். அந்தப் பக்கம் அவருக்கும் சத்தம் கேட்டிருக்கும். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், என் தலையையும் தடவினாள்.

"துறையூருக்கு என்ன சொல்ல?"

"அதுக்கும் அதேதான். பொய்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தாள். "சொல்லுங்க தம்பி... ஆமா, பக்கத்துலதான் நிக்கிறா... என்னது?" மறுபடியும் பொத்திக்கொண்டாள். "நம்ம வீட்டு வாசல் நிலை என்ன உயரம்னு கேக்குறாருடி. எதுக்குடி இது?"

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டூல் தேவைப்படவில்லை, எனக்கு எட்டியது. ரெண்டு தடவை அளந்தேன். 5.11 என்று எண்ணில் அனுப்பினால் நடுவில் என்ன ஆகுமோ என்று பயந்து, முழுசும் எழுத்திலேயே மெசேஜ் அனுப்பினேன்: ஐந்தடி பதினோரு அங்குலம். இடிக்காது.